நுரை சூடா இருந்தா போதாதா டாக்டர்?

போன மாதம் ஒரு தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தாடைக்குக் கீழே, கழுத்து முழுக்க, மயிர்க்கால் மயிர்க்காலாகச் சின்னச் சின்ன சீழ்க்கொப்புளங்கள். பார்த்ததுமே தெரிகிற விஷயம்தான். "ஷேவிங் எப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கொப்புளத்தை மறந்துவிட்டு மொபைலை எடுத்து போட்டோ காட்டினார். எலும்புக் கைப்பிடி போட்ட ஒரு பழைய பிரஷ். பக்கத்தில் டீ கெட்டில் மாதிரி ஒரு பீங்கான் பாத்திரம்.

"இங்கிலாந்து பிரஷ் சார், நூறு வருஷத்துப் பழசு. ஆன்லைன் ஏலத்துல எடுத்தேன். இந்தப் பாத்திரத்துல வெந்நீர் ஊத்தி வச்சிட்டா கடைசி வரைக்கும் நுரை சூடாவே இருக்கும்."

"அவ்வளவு பழைய பிரஷ்ஷை வாங்கினதும் என்ன பண்ணி சுத்தம் பண்ணீங்க?"

"தினமும் வெந்நீர்லதானே சார் ஊறுது. நுரையும் சூடு. அது போதாதா?"

மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனசிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் இதே கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்னால் மிக மோசமான ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலில் சூட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். வெந்நீர் ஷேவிங்கில் உண்மையாகவே வேலை செய்கிறது, அது மூடநம்பிக்கை இல்லை. தாடி மயிர் என்பது கெரட்டின் என்ற புரதம். காய்ந்த நிலையில் நல்ல விறைப்பு. தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்தப் புரத இழைகளுக்கு இடையே இருக்கும் பிணைப்புகள் தளர்ந்து, மயிர் உப்பி மெத்தென்று ஆகும். அப்போது அதை வெட்டக் கத்திக்குக் குறைந்த விசை போதும். தண்ணீர் சூடாக இருந்தால் இது சீக்கிரம் நடக்கும், குளிர்ந்த தண்ணீரில் நேரம் பிடிக்கும். எப்படி இருந்தாலும் ஓரிரு நிமிடங்களாவது ஊற வேண்டும். முகத்தை நனைத்த மறு நொடியே கத்தியை வைப்பவர்களுக்குத்தான் எரிச்சல் அதிகம்.

நுரையின் வேலை என்ன? அந்தத் தண்ணீரை மயிரின் மேலேயே பிடித்து வைத்திருப்பது, கத்தி வழுக்கிப் போக வழி செய்வது. ஆனால் நுரையில் பெரும்பகுதி காற்று. அதில் எடையும் இல்லை, சூட்டைச் சேமித்து வைக்கும் திறனும் இல்லை. மெல்லிசாக முகத்தில் பூசியதும் சீக்கிரமே அது தோலின் சூட்டுக்கு வந்துவிடும். உண்மையில் சூட்டைச் சுமந்து வருவது நுரை இல்லை, பிரஷ்ஷின் மயிருக்குள் தேங்கி நிற்கும் வெந்நீர். பேட்ஜர் என்று ஒரு குளிர்நாட்டு விலங்கு உண்டு, வளை தோண்டி வாழும். அதன் மயிரில் செய்த பிரஷ்ஷுக்கு மவுசு வந்ததே அது நிறையத் தண்ணீரைப் பிடித்து வைப்பதால்தான். இந்த பேட்ஜர் மயிரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

கரண்ட் இல்லாத, குழாயில் வெந்நீர் வராத காலத்தில் குளிர்நாட்டுக்காரர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. ஜனவரி மாதம் காலையில் ஒரு கெட்டில் வெந்நீர் மேலே வரும். முகத்தில் ஒரு சுற்று வழிப்பதற்குள் அது ஆறிப்போகும். இரண்டாவது சுற்றுக்குப் பூசும் நுரை ஐஸ் மாதிரி இருக்கும். அதற்குக் கண்டுபிடித்ததுதான் அந்தத் தம்பி வைத்திருந்த பாத்திரம், பெயர் ஷேவிங் ஸ்கட்டில். உள்ளே வெந்நீர். அகலமான மூக்கு வழியாக பிரஷ்ஷை அந்த வெந்நீருக்குள் இறக்கலாம். மேலே சோப்புக்கு ஒரு தட்டு, அதன் அடியில் ஓட்டைகள், மிச்சத் தண்ணீர் உள்ளேயே வடிந்துவிடும். இந்த வகைக் கோப்பைக்கு 1867-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். எளிமையான, அழகான யோசனை. எனக்கே ஒன்று வாங்கலாமா என்று தோன்றியது, அதை மறைப்பானேன்!

இதே காலத்தில் அமெரிக்க சலூன்களில் இன்னொரு பழக்கம் வந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பை. பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் கப்பலில் வரும். அமெரிக்காவில் அதன் மேல் ஆளின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதி, தொழிலையும் படமாக வரைவார்கள். கசாப்புக்காரருக்கு மாடு, தீயணைப்புக்காரருக்கு வண்டி. கடைச் சுவரில் மரத் தட்டு முழுக்க இந்தக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். தன் பெயர் அந்த வரிசையில் இருப்பது ஒரு கௌரவம். கௌரவம் மட்டும் இல்லை, பயமும்தான். சலூனில் ஷேவ் செய்தால் தாடியில் சிரங்கு ஒட்டிக்கொள்ளும் என்று மக்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதற்கு 'பார்பர்ஸ் இட்ச்' என்றே பெயர். இன்று அதைப் பிரித்துச் சொல்வோம், சிலருக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, சிலருக்குப் பூஞ்சை. தனிக் கோப்பை வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். கோப்பை தனி, சரி. பல கடைகளில் கத்தியும் துண்டும் பொதுவாகத்தானே இருந்தன! 1897-இல் மினசோட்டா மாநிலம் முடிதிருத்துவோருக்கு முதன்முதலாக லைசென்ஸ் சட்டம் கொண்டு வந்ததற்குச் சுகாதாரமும் ஒரு காரணம்.

சிரங்குக்குப் போய் இவ்வளவா என்று கேட்காதீர்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் சவரக்கத்தி போட்ட கீறலுக்கு உயிரே போகலாம். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜான், 1842 புத்தாண்டு அன்று சவரக்கத்தியைத் தீட்டும்போது விரலில் சின்னதாக வெட்டிக்கொண்டார். பத்து நாளில் டெட்டனஸில் இறந்துபோனார். துட்டன்காமுன் கல்லறை அகழ்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு, கன்னத்தில் கொசு கடித்த இடத்தை ஷேவ் செய்யும்போது கீறிக்கொண்டார். கிருமி ரத்தத்தில் பரவி, நிமோனியாவும் சேர்ந்து, 1923 ஏப்ரலில் கெய்ரோவில் மரணம். மம்மியின் சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு டாக்டராக எனக்கு அந்தக் கொசுக்கடியும் கத்தியுமே போதும், மம்மி தேவையில்லை.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன்.

முதல் உலகப் போர். ராணுவத்தில் தினமும் ஷேவ் செய்வது ஒழுங்கு விதி. விஷவாயு வந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது, தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காராது, இடுக்கில் வாயு புகுந்துவிடும். அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜில்லெட் கம்பெனியிடமிருந்து மட்டும் 35 லட்சம் ரேசர் வாங்கித் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. பதுங்குகுழியில் வெந்நீர் எங்கே கிடைக்கும்? மிச்சம் இருந்த சூடான டீயில் பிரஷ்ஷை முக்கி ஷேவ் செய்தவர்கள் உண்டு.

இத்தனை லட்சம் பேருக்கு பிரஷ் வேண்டும். நல்ல பேட்ஜர் மயிர் ரஷ்யப் பக்கமிருந்து ஜெர்மனி வழியாக வந்துகொண்டிருந்தது, சுத்திகரிப்பும் அங்கேயே நடக்கும். போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. வியாபாரிகள் குதிரை மயிருக்குத் தாவினார்கள். சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த குதிரை மயிரை வெளுத்து, நடுவில் மட்டும் கறுப்புப் பட்டை வருவதுபோல் சாயம் போட்டால் அசல் பேட்ஜர் மாதிரியே இருக்கும். போலிதான், ஆனால் விலை மலிவு. அந்த மயிரை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கலாமே என்றால், நிறம் கெட்டுப்போகும். நிறம் கெட்டால் பேட்ஜர் வேஷம் கலைந்துவிடும். ஆகவே பலர் அந்த வேலையைச் செய்யவில்லை, செய்தவர்களும் ஒப்புக்குச் செய்தார்கள்.

1915 முதல் இங்கிலாந்திலும், பிறகு அமெரிக்க ராணுவ முகாம்களிலும் டாக்டர்கள் குழம்பினார்கள். சிப்பாயின் கன்னத்திலோ கழுத்திலோ ஒரு சின்னப் பரு. அரிக்கும், வலிக்காது. இரண்டு நாளில் கொப்புளம் ஆகும். பிறகு நடுவில் கரி மாதிரிக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் பெரிய வீக்கம். கரிக்கு கிரேக்கத்தில் ஆந்த்ராக்ஸ் என்று பெயர், நோயின் பெயரே அதுதான். நம் ஊரில் மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்வார்களே, அதே நோய்.

ஆந்த்ராக்ஸ் அதுவரை யாருக்கு வரும்? மாடு மேய்ப்பவர், தோல் பதனிடுபவர், கம்பளி தரம் பிரிப்பவர். பட்டாளத்துக்காரனுக்கு ஏன் வரவேண்டும்? விசாரித்துக்கொண்டே போனதில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பொருள், புதிதாக வாங்கிய ஷேவிங் பிரஷ். அதே சரக்கில் வந்து இன்னும் யாரும் தொடாத பிரஷ்களைச் சோதித்தார்கள், அவற்றிலும் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. பத்து வருடத்துக்குள் இரண்டு நாடுகளிலும் சேர்த்து, சிப்பாய்களும் பொதுமக்களுமாக இருநூறு பேருக்கு மேல் இந்த பிரஷ் வழியாக நோய் வந்ததாகக் கணக்கு.

யோசித்துப் பாருங்கள், இதைவிட வசதியான ஏற்பாடு அந்தக் கிருமிக்குக் கிடைக்காது. தோலில் வெறுமனே பட்டால் ஆந்த்ராக்ஸ் பெரும்பாலும் உள்ளே போகாது, சின்னக் கீறலாவது வேண்டும். ஷேவிங்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் டஜன் கணக்கில் விழும். கத்தி கீறிய இடத்திலேயே இரண்டாம் சுற்று நுரையை பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிறோம். அதுவும் முகத்திலும் கழுத்திலும். கையில் வரும் ஆந்த்ராக்ஸைவிடக் கழுத்தில் வருவது ஆபத்து, வீக்கம் உள்பக்கம் அழுத்தி மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். தோலில் வரும் ஆந்த்ராக்ஸுக்கு வைத்தியமே செய்யாவிட்டால் நூற்றுக்குப் பத்து இருபது பேர் இறப்பார்கள். அப்போது கையில் இருந்தது இத்தாலியரான ஸ்க்லாவோ கண்டுபிடித்த சீரமும், புண்ணை வெட்டி எடுக்கும் கத்தியும்தான். பென்சிலின் வர இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தது.

"அதான் வெந்நீர்ல முக்கினாங்களே?" இதுதான் நம்ம தம்பியின் கேள்வி. அந்தக் காலத்தில் பலருக்கும் அதே நம்பிக்கை. சோப்பு இருக்கிறது, சூடு இருக்கிறது, இதில் எந்தக் கிருமி பிழைக்கும்?

ஆந்த்ராக்ஸ் பிழைக்கும். 1876-இல் ராபர்ட் கோக் காட்டிய விஷயம் இது. சூழ்நிலை சரியில்லை என்றால் இந்தக் கிருமி தன்னைச் சுற்றித் தடித்த உறை போட்டுக்கொண்டு உறங்கப் போய்விடும். அந்த நிலைக்கு ஸ்போர் என்று பெயர். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் கையும் முகமும் தாங்கும் வெந்நீர் 45, மிஞ்சினால் 50 டிகிரி செல்சியஸ். ஸ்போருக்கு அது குளியல். நன்றாகத் தளதளவென்று கொதிக்கும் நீரிலேயே பல நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். மருத்துவமனையில் ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு 121 டிகிரி ஆவி கொடுக்கிறோமே, அது இந்த மாதிரி ஸ்போர்களைக் கணக்கில் வைத்துத்தான். நுரையைச் சூடாக வைக்கும் பாத்திரம் மயிரை மெத்தென்று ஆக்கும், முகத்துக்கு இதமாக இருக்கும். ஸ்போரை ஒன்றும் செய்யாது.

சரி, எது கொன்றது? அதற்கு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊருக்குப் போக வேண்டும். கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். வெளிநாட்டுக் கம்பளியைத் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் திடீர் திடீரென்று நெஞ்சடைத்து இறந்துகொண்டிருந்தார்கள். அது மூச்சு வழியாகப் போகும் ஆந்த்ராக்ஸ் என்று 1880 வாக்கில் நிறுவியவர் ஜான் ஹென்றி பெல் என்ற உள்ளூர் டாக்டர். அவருக்குப் பின் வந்தவர் ஃபிரெடரிக் யூரிக். 1905-இலிருந்து வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கான கம்பளி மாதிரிகளைத் தன் கையாலேயே சோதித்தார். ஒவ்வொரு மாதிரியும் அவரையே கொல்லக்கூடியது. கிருமி கம்பளி முழுக்கப் பரவியில்லை, ரத்தக்கறை காய்ந்து ஒட்டிய இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று கண்டார். ஃபார்மால்டிஹைடு அதைக் கொல்லும் என்றும் காட்டினார்.

ஆனால் காய்ந்த ரத்தக் கட்டிக்குள் ஃபார்மால்டிஹைடு இறங்காது. தொழிற்சாலை ஆய்வாளரான எல்ம்ஹர்ஸ்ட் டக்கரிங் அதற்கு வழி சொன்னார். முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கம்பளியை அலசு, ரத்தம் ஊறி இளகட்டும். பிறகு வெதுவெதுப்பான ஃபார்மால்டிஹைடில் முக்கு. இந்த முறையில் 1921-இல் லிவர்பூலில் அரசாங்கமே ஒரு சுத்திகரிப்பு நிலையம் திறந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இங்கேயும் சூடான சோப்பு நுரை வருகிறது பாருங்கள்! கன்னத்தில் அது என்ன வேலை செய்ததோ அதே வேலையைத்தான் ஆலையிலும் செய்தது, இளக்கிக் கொடுத்தது. கொல்லும் வேலையை வேறொன்றுக்கு விட்டுவிட்டது. பிரஷ்களுக்கும் அமெரிக்க சுகாதாரத் துறை கிட்டத்தட்ட இதையே சொன்னது, சூடாக வைத்த ஃபார்மலின் கரைசலில் சில மணி நேரம் ஊறவை, மயிர் எல்லாவற்றிலும் படும்படி ஆட்டிவிடு என்று.

சட்டங்களும் வந்தன. பிரிட்டன் 1919-இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் போட்டது, 1920-இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. அமெரிக்காவில் மயிரைக் கிருமி நீக்கித்தான் விற்க வேண்டும் என்று விதிகள் வந்தன. அதனால்தான் அந்தக் காலத்து அமெரிக்க பிரஷ் பலவற்றின் கைப்பிடியில் 'ஸ்டெரிலைஸ்டு' என்று முத்திரை இருக்கும். இன்று அதைப் பழம்பொருள் அழகாகப் பார்க்கிறோம். அன்று அது பயத்தில் அடித்த முத்திரை. நோயும் மளமளவென்று குறைந்தது.

முற்றிலும் போய்விடவில்லை. விதிகள் வருவதற்கு முன்னால் வாங்கி, வீட்டில் கிடந்த ஒரு குதிரைமயிர் பிரஷ்ஷால் ஒருவர் ஆந்த்ராக்ஸ் வந்து இறந்துபோக, 1930-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் பழைய பிரஷ்களைப் பற்றி மறுபடியும் எச்சரிக்க வேண்டி வந்தது. ஸ்போரின் பொறுமை அப்படி. ஸ்காட்லாந்தில் க்ருயினார்ட் என்று ஒரு குட்டித் தீவு. 1942-இல் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே ஆந்த்ராக்ஸ் குண்டு சோதித்தது. வெயிலும் மழையும் பனியும் நாற்பது வருடம் அடித்தும் மண் சுத்தமாகவில்லை. 1986-இல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து தெளித்தார்கள். 1990-இல்தான் ஆள் போகலாம் என்றார்கள்.

அதன் பிறகு பிரஷ்ஷே மெல்லப் பின்வாங்கியது. 1950 வாக்கில் அமுக்கினால் நுரை வரும் டப்பாக்கள் வந்தன. பிரஷ் வேண்டாம், கோப்பை வேண்டாம். ஆனால் நுரை ஜில்லென்று வந்தது! சும்மா இருப்பார்களா? சலூன்களுக்குச் சூடான நுரை கக்கும் மின்சாரப் பெட்டி வந்தது. 1960-களின் கடைசியில், வெளியே வரும்போதே ரசாயன வினையால் தானாகச் சூடாகும் நுரை டப்பாவையே விற்றார்கள். மனுஷனுக்குக் கன்னத்தில் சூடு வேண்டும், அந்த ஆசை மட்டும் மாறவில்லை. இப்போது இளைஞர்கள் திரும்ப பிரஷ்ஷுக்கும் ஸ்கட்டிலுக்கும் வந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். அவசரமில்லாமல் ஊறவைத்து, மயிர் வளரும் போக்கிலேயே வழித்தால் தோல் நன்றாகத்தான் இருக்கும். இப்போது கடையில் விற்கும் புதிய பிரஷ்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். என் கவலை, எங்கிருந்து வந்தது, எந்த மயிர், யார் சுத்தம் செய்தார்கள் என்று தெரியாத அந்தப் போர்க்காலத்துப் பழசு மட்டும்தான். அதிலிருந்து ஆந்த்ராக்ஸ் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனாலும் தினமும் காலையில் கீறல் விழுந்த கழுத்தில் தேய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய வாய்ப்பு அது இல்லை.

தம்பிக்கு வந்தது ஆந்த்ராக்ஸ் இல்லை, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். சாதாரண மயிர்க்கால் அழற்சி. மயிரின் போக்குக்கு எதிராக இழுத்து இழுத்து வழித்திருக்கிறார். பிரஷ்ஷையும் காயவிடாமல் ஈரத்தோடு மூடியே வைத்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். கழுத்து ஆறியிருந்தது. பழைய பிரஷ் இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறதாம். நைலான் மாதிரி செயற்கை இழையில் செய்த புது பிரஷ் ஒன்று வாங்கியிருக்கிறார், உபயோகித்ததும் உதறி, காற்றுப்படும் இடத்தில் காயவைக்கிறார். எழுந்து போகும்போது கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கெட்டிலை மட்டும் வச்சுக்கலாமா சார்? வெந்நீர் ஊத்தி?"

"பீங்கான்தானே தம்பி? நல்லா கழுவிட்டு தாராளமா வச்சுக்கோங்க. எங்க கிடைச்சுதுன்னு லிங்க் அனுப்புங்க."